வளையாத மரம்

1776-ம் வருடம். வசந்த காலம். ஜப்பானின் ஹகோனே மலைப்பாதையில் ஒரு நீண்ட ஊர்வலம். பல்லக்குகள், சுமைதூக்கிகள், மொழிபெயர்ப்பாளர்கள், கூடவே கண்கொத்திப் பாம்பாகக் காவல் அதிகாரிகள். எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) இருக்கிற ஷோகனைப் பார்த்துக் கும்பிடு போட்டுக் காணிக்கை வைக்க டச்சு வியாபாரிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வருஷா வருஷம் இது ஒரு சடங்கு.

பல்லக்கில் ஓர் ஆசாமிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மலை ஏற்றம் வந்ததும் இறங்கிவிட்டார். நடக்கிறேன் பேர்வழி என்று பாதையோரப் புதர்களைத் துழாவ ஆரம்பித்தார். அவர் பெயர் கார்ல் பீட்டர் துன்பெர்க். டச்சுக் கம்பெனியின் மருத்துவர். ஆனால் டச்சுக்காரர் இல்லை, ஸ்வீடன்காரர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர்.

அன்றைய ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதுவும் நாகசாகியை ஒட்டி விசிறி வடிவில் கட்டப்பட்ட டெஜிமா என்ற குட்டித் தீவுக்குள். வெளியே காலெடுத்து வைக்க உத்தரவு வேண்டும். துன்பெர்க் இதற்காகவே தென்னாப்பிரிக்காவில் மூன்று வருஷம் தங்கி டச்சு மொழி பழகிக்கொண்டு வந்தவர். தீவுக்குள் அடைபட்ட மனிதர் என்ன செய்வார்? ஆடு மாடுகளுக்கு வந்து இறங்குகிற தழையைக் கிளறி, அதில் புதுச் செடி ஏதாவது தேறுமா என்று பார்த்தார். சிஃபிலிஸுக்குப் பாதரச மருந்து கொடுக்கும் முறையை மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குச் செடிகள் வாங்கினார். சுத்தமான பண்டமாற்று.

அப்பேர்ப்பட்டவருக்கு எடோ பயணம் ஒரு வரப்பிரசாதம். ஹகோனே மலையில் அவர் கண்ணில் பட்டவற்றில் ஒரு முட்புதரும் உண்டு. முழங்கால் உயரம். தாறுமாறான கிளைகள். இலை சரியாக விரிவதற்கு முன்பே செங்கல் சிவப்பில் பூ. கையளவுகூட இல்லாத, கல் மாதிரி கெட்டியான புளிப்புக் காய். ஜப்பானியர்கள் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் போகெ.

நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் சீமை மாதுளை விதை என்று ஒரு சரக்கு உண்டு. தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஆகும். அது குவின்ஸ் என்கிற பழத்தின் விதை. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் உறவு. போகெ அந்த குவின்ஸின் பங்காளி. பழத்தைவிடப் பூவுக்குப் பேர்போனது. அதனால் இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர், ஃப்ளவரிங் குவின்ஸ். பூக்கிற குவின்ஸ்.

துன்பெர்க் ஜப்பானைவிட்டுக் கிளம்பி, நேராக ஊர் போகவில்லை. 1777-ல் இலங்கைக்கு வந்தார். அங்கேயும் செடி சேகரித்தார். அவர் இலங்கையில் இருந்தபோதுதான், 1778 ஜனவரியில், அவருடைய குரு லின்னேயஸ் ஸ்வீடனில் இறந்துபோனார். ஊர் திரும்பிய சீடர் 1784-ல் ஜப்பானியத் தாவரங்கள் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். ஹகோனே மலைப் புதருக்கு அதில் பைரஸ் ஜபோனிகா என்று பெயர். ஜப்பானியப் பேரி.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1796-ல் லண்டன் கியூ தோட்டத்துக்கு ஒரு செடி வந்து சேர்ந்தது. வரவழைத்தவர் சர் ஜோசப் பேங்க்ஸ். குளிர்காலக் கடைசியில் மொட்டைக் கிளையில் ரத்தச் சிவப்பாகப் பூத்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் கிறுகிறுத்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆஹா, இதுதான் துன்பெர்க் சொன்ன ஜபோனிகா என்று முடிவு கட்டினார்கள். 1803-ல் ஒரு பிரபல தாவரவியல் பத்திரிகை படமே போட்டுவிட்டது.

அது ஜபோனிகா இல்லை. சீனத்துச் செடி. ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஹகோனேவின் முழங்கால் உயரத் தம்பி வேறு.

அசல் ஜபோனிகா, பிரிஸ்டல் நகரில் மால் என்ற நர்சரிக்காரர்கள் மூலமாக இங்கிலாந்துக்கு வந்தது 1869-ல். வந்த பிறகாவது தப்பைத் திருத்தினார்களா என்றால், அதுதான் இல்லை. ஜபோனிகா என்கிற நாற்காலியில் ஏற்கெனவே சீனாக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே! அதனால் உண்மையான வாரிசுக்கு 1874-ல் நர்சரிக்காரர் பெயரையே சூட்டி மாலெய் என்று ஆக்கினார்கள். சொத்து ஒருவருக்கு, பட்டா இன்னொருவருக்கு.

நடுவில் இன்னொரு கூத்து. 1820-களின் தொடக்கத்தில் ஜான் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தச் செடிகளுக்குத் தனிப் பேரினம் உண்டாக்கினார். பெயர் கீனோமெலிஸ். கிரேக்க மொழியில் பிளக்கும் ஆப்பிள் என்று அர்த்தம். பழுத்தால் காய் பிளந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டார். அது பிளக்காது. பெயர் மட்டும் இன்றுவரை பிளந்துகொண்டே இருக்கிறது.

சீன வகைக்கு முறையான இப்போதைய பெயரைக் கொடுத்தவர் தகெனோஷின் நகாய் என்ற ஜப்பானியர். வருடம் 1929. கியூ தோட்டத்தில் வந்து இறங்கி 133 வருஷம் கழித்து! இங்கிலாந்தின் வயதான தோட்டக்காரர்களைக் கேளுங்கள். வேலியோரத்துச் சீனச் செடியைக் காட்டி, இன்னமும் ஜபோனிகா என்பார்கள்.

இத்தனை பெரிய படிப்பாளிகள் எப்படி ஏமாந்தார்கள்? பூவைப் பார்த்தார்கள். செடியைப் பார்க்கவில்லை.

செடியைப் பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

தட்டில் மரம் வளர்க்கிற கலை சீனாவில் பிறந்தது. கி.பி. 706-ஐச் சேர்ந்த ஓர் இளவரசனின் சமாதி ஷியான் அருகே இருக்கிறது. அதன் சுவரோவியத்தில், கல்லும் குட்டிச் செடியும் வைத்த தட்டைப் பணியாள் ஒருவர் ஏந்தி வருகிறார். பௌத்தத்தோடும் ஓவியத்தோடும் சேர்ந்து இந்த வழக்கம் ஜப்பானுக்குப் போனது. 1309-ம் வருடத்து ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றில் தட்டு மரங்கள் இருக்கின்றன. பிற்பாடு ஜப்பானியர்கள் வைத்த பெயர் போன்சாய். தட்டில் நட்டது, அவ்வளவுதான் அர்த்தம்.

போன்சாய் என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். பாவம் மரம், கம்பியால் கட்டி, வேரை வெட்டி, கொடுமைப்படுத்தி... என்று ஆரம்பித்துவிடுவோம். பைன் மரத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பைன் கிளை நார் மாதிரி. கம்பியைச் சுற்றி, மெல்ல வளைத்து, சில மாதம் விட்டால் வளைத்த இடத்தில் நிற்கும். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

போகெ கேட்காது.

இளசாகப் பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் வளையும். அந்தப் பருவம் தாண்டினால் போச்சு. படக். உங்கள் கையில் பாதிக் கிளை இருக்கும், முள் குத்தின ரத்தமும் இருக்கும்.

இந்தப் பிடிவாதத்தை அழகாகக் கவனித்தவர் ஒரு நாவலாசிரியர். நட்சுமே சோசெகி. ஆயிரம் யென் நோட்டில் பல வருஷம் படமாக இருந்தவர். 1906-ல் அவர் எழுதிய குசமகுரா நாவலில், ஓர் ஓவியன் மலைச்சரிவுப் புல்லில் சாய்ந்துகொண்டு போகெ புதரைப் பார்க்கிறான். இந்தக் கிளை வளைந்ததே இல்லை, ஆனால் நேராகவும் இல்லையே என்று யோசிக்கிறான். சின்னச் சின்ன நேர்த்துண்டுகள் ஒன்றோடொன்று கோணலாக மோதி நிற்கின்றன. மொத்தத்தில் ஒரு மரம் ஆகிவிடுகிறது. ஜப்பானிய மொழியில் போகெ என்ற உச்சரிப்புக்கு மந்தம், அசடு என்றும் பொருள் உண்டு. அசடு மாதிரித் தெரியும், ஆனால் ஞானம் அடைந்த பூ என்கிற மாதிரி அந்த ஓவியன் எண்ணுகிறான். அடுத்த ஜென்மத்தில் போகெயாகப் பிறந்தால் தேவலை என்றும் ஆசைப்படுகிறான்.

நாவலாசிரியர் எழுதியது வர்ணனை. போன்சாய்க்காரர்களுக்கு அது செய்முறை விளக்கம்!

எப்படி என்று பார்ப்போம். வளைக்க முடியாத மரத்தை என்ன செய்வது? வெட்டு. வெட்டிவிட்டுக் காத்திரு. ஒரு தளிரைப் போதுமான பருமன் வரும்வரை வளரவிடுவார்கள். பிறகு இரண்டு கணு மட்டும் விட்டு நறுக்குவார்கள். வெட்டின இடத்துக்குக் கீழே இருக்கிற மொட்டு, அது பார்க்கிற திசையில், ஒரு கோணத்தில் கிளம்பும். அதையும் வளரவிட்டு நறுக்கு. இப்படி நான்கைந்து தடவை ஆனால் நேர்த்துண்டு, கோணல், நேர்த்துண்டு, கோணல். ஓவியன் மலைச்சரிவில் பார்த்த அதே கிளை. கம்பியே வேண்டாம். தெற்குச் சீனாவில் குவாங்சோ வட்டாரத்துக்காரர்கள் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த வெட்டி வளர்க்கும் முறையை ஒரு தனிப் பாணியாகவே ஆக்கினார்கள். லிங்னான் பாணி என்று பெயர்.

வேலை சுலபம். ஒரே ஒரு கத்தரிக்கோல் போதும். வருஷங்கள்தான் நிறைய வேண்டும்.

அடுத்த பிரச்னை, அடிமரம். போன்சாய் என்றால் ஒற்றைத் தண்டு, கீழே தடிமன், மேலே போகப்போக மெலிய வேண்டும் என்பது பாலபாடம். போகெவுக்கு உச்சி முக்கியமே இல்லை. சக்தி எல்லாம் அடியில். வேர்ப்பக்கத்திலிருந்து வாழைக்கன்று மாதிரி புதுத் தளிர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒற்றைத் தண்டுதான் வேண்டும் என்றால் வாழ்நாள் முழுக்க அடிக்கன்றுகளைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் என்ன செய்தார்கள் தெரியுமா? பாலபாடத்தை ஓரமாக வைத்தார்கள். ஒரே அடியிலிருந்து ஐந்து, ஏழு, ஒன்பது தண்டுகள் கிளம்புகிற புதர்வடிவம்தான் இதற்கு லட்சணம் என்று ஏற்றுக்கொண்டார்கள். கபுதாச்சி என்று அந்த வடிவத்துக்குப் பெயர்.

அப்புறம் பூ. போகெ அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டுகளை முந்தைய கோடையிலேயே பழைய கிளையில் தயார்செய்து வைத்துக்கொள்ளும். இது தெரியாமல் கோடைக் கடைசியில் சுத்தமாகக் கத்தரித்தால் அடுத்த வருஷம் மொட்டை மரம்தான். பூத்து முடிந்ததும் கத்தரிக்க வேண்டும். காய் பிடித்தால் கிள்ள வேண்டும். ஒரு கெட்டிக் காயை வளர்க்கச் சின்ன மரம் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துவிடும்.

தொட்டி மாற்றுவதில் இருக்கிறது உச்சகட்டம். போன்சாய்களுக்குப் பொதுவாக வசந்தத்தின் தொடக்கத்தில், துளிர் விடுகிற நேரத்தில்தான் தொட்டி மாற்றி வேர் கத்தரிப்பார்கள். போகெவுக்கு மட்டும் இலையுதிர் காலம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள். ஏன் இந்தத் தனிச்சலுகை?

வெட்டுப்பட்ட வேரின் வழியே ஒரு நோய் நுழையும். வேரிலும் அடித்தண்டிலும் கழலை கழலையாக முண்டிக்கொண்டு வரும். மரம் மெல்ல இளைக்கும். ஜப்பானிய வளர்ப்பாளர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டது இது: மண் சூடேறுகிற காலத்தில் வேரை வெட்டினால் கழலை அதிகம். மண் ஆறுகிற காலத்தில் வெட்டினால் குறைவு. காரணகர்த்தா அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. 1907-ல் ஸ்மித், டவுன்செண்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். இதமான சூட்டில் சுறுசுறுப்பாக வேலைபார்க்கிற ஜந்து. குளிர் வந்தால் மந்தம். மண் ஆறின பிறகும் போகெவின் வேர் கொஞ்ச நாள் வளரும். அந்த இடைவெளியில் காயம் ஆறிவிடும்.

ஆக, நாள்காட்டியையும் மரத்துக்காக மாற்றிக்கொண்டார்கள்.

தொட்டிக்கு வருவோம். பைனுக்கு மெருகு பூசாத மண் நிறத் தொட்டி. பூக்கிற மரத்துக்கு மெருகு பூசின வண்ணத் தொட்டி. இது மரபு. சிவப்புப் பூவுக்கு நீலமோ, வெளிறிய வெள்ளையோ எடுபடும். பழைய சீனத் தொட்டிகளுக்கு ஜப்பானில் ஏக மவுசு. உள்ளூரில் பேர்போனது ஐச்சி மாகாணத்தின் தொகொனமே. பல நூறு வருஷமாகச் சூளை அணையாத ஊர். போகெவுக்குத் தாகம் அதிகம் என்பதால் ரொம்பத் தட்டையான தொட்டி ஆகாது, கொஞ்சம் ஆழம் வேண்டும். உள்ளே போடுவது அகடமா. எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான செம்மண் உருண்டை. சலித்துத் தூசியை நீக்கிவிட்டுப் போட்டால், தண்ணீரையும் பிடித்துவைக்கும், காற்றையும் விடும். அடியில் உள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு வேரைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டுவார்கள். இது கொடுமைக்கு அல்ல. காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துவிடும் என்பதற்காக.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு வளர்த்தது நிலைத்து நின்றதா?

1923 செப்டம்பர் 1. டோக்கியோ வட்டாரத்தைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. கூடவே தீ. ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நகரத்துக்குள் தோட்டம் வைத்திருந்த போன்சாய்க்காரர்கள் கையில் மிஞ்சிய மரங்களை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். நல்ல மண், நல்ல தண்ணீர், நல்ல காற்று எங்கே கிடைக்கும்? வடக்கே ஓமியா என்ற ஊரின் பக்கத்தில் காட்டைத் திருத்திக்கொண்டு 1925-ல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். போன்சாய் கிராமம்.

அந்தக் கிராமத்துக்கு அப்போது சட்டதிட்டம் இருந்தது. குடியேற நினைப்பவரிடம் குறைந்தது பத்து போன்சாய் இருக்க வேண்டும். வீட்டு வாசல் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மாடி கட்டக் கூடாது. சுற்றுச்சுவர் எழுப்பாமல் செடிவேலிதான் போட வேண்டும். மரத்தின் மேல் வெயில் விழ வேண்டும் அல்லவா? மாடி வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு மரத்துக்கு நிழல் கட்டிவிடுவார்.

1930-களில் சுமார் 30 தோட்டங்கள் இருந்தன. இரண்டாம் உலகப்போர் வந்தது. வயிற்றுக்கே பஞ்சம் என்கிறபோது தட்டில் மரம் வளர்ப்பது ஆடம்பரம் இல்லாமல் என்ன? ஆட்கள் படைக்குப் போனார்கள். தோட்டங்கள் மூடப்பட்டன. ஒரே ஒரு கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போனால் நூறு வருஷ மரமும் காலிதான். காட்டு மரத்துக்கு மழை போதும். தட்டு மரத்துக்குத் தினமும் ஒரு மனிதர் வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மேஜை, நாற்காலி, லாரி, இயந்திரம், எதை வாங்கினாலும் வருஷா வருஷம் இவ்வளவு சதவீதம் என்று மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். போன்சாய்த் தோட்டக்காரரின் கணக்கு நேர் எதிர். வருஷம் ஏற ஏற மரத்தின் மதிப்பு ஏறுகிறது. ஆனால் கவனம் ஒரு நாள் தவறினால் மொத்தமும் பூஜ்யம். எந்த பேலன்ஸ் ஷீட்டில் இதை எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியாது.

போர் முடிந்து கிராமம் மறுபடி எழுந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். 1989-ல் முதல் உலக போன்சாய் மாநாடு ஓமியாவில் நடந்தது. 2010-ல் அரசு அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தது. தோட்டங்கள் இன்று பத்துக்கும் குறைவு. வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன.

இன்றைக்கு போன்சாய்க்காரர்கள் தேடிப்பிடித்து வளர்க்கிற போகெ வகை ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகத்தளவு இலை. சின்னச் சின்னப் பூ, வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும். இளம் வயதிலேயே கிழவனின் தோல் மாதிரிச் சொரசொரத்த பட்டை. ஹகோனே மலையில் துன்பெர்க் பார்த்த குட்டை ஜபோனிகா இனத்தில் வந்தது. பெயர் சோஜுபாய். நீண்ட ஆயுள் ப்ளம் என்று அர்த்தம். ப்ளம் இல்லை என்பது வேறு விஷயம். இந்தக் குடும்பத்துக்குச் சரியான பெயர் அமையாது என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

படித்துவிட்டு நர்சரிக்கு ஓடாதீர்கள். போகெ நன்றாகப் பூக்கக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். சென்னை மொட்டைமாடியில் அதற்கு வழியில்லை. ஆசைப்பட்டால் காகிதப்பூச் செடியில் கத்தரிக்கோல் பழகலாம். அதுவும் முள்ளுள்ள பிடிவாதக்காரச் செடிதான். முற்றின கிளை வளையாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

கியூ தோட்டத்துக்காரர்கள் செடிக்கு ஒரு பெயரை மாட்டினார்கள். பொருந்தவில்லை. லிண்ட்லி ஒரு குணத்தை மாட்டினார். அதுவும் பொருந்தவில்லை. செடி பாட்டுக்கு இருந்தது. தட்டில் வைத்து வளர்த்தவர்கள்தான் முரண்டு பிடித்த இடத்திலெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள். கம்பியைக் கீழே வைத்தார்கள். ஒற்றைத் தண்டு விதியைத் தளர்த்தினார்கள். தொட்டி மாற்றும் மாதத்தை மாற்றினார்கள். மரத்துக்கு வெயில் மறைக்கும் என்று தங்கள் வீட்டுக்கு மாடிகூட வேண்டாம் என்றார்கள்.

மரத்தை மனிதன் வளைக்கிற கலை போன்சாய் என்று நாம் சொல்கிறோம். போகெ கதையைப் படித்த பிறகு ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் வளைந்தது யார்?